மூத்தவர் கொடுக்கும் தேநீர்க் காசு

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

காசோலைகளைக் கொடுத்து முடித்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். காசோலையால் ஆகாத ஒரு காரியத்தைப் பற்றி இனி சில நிமிடங்கள் பேச விரும்புகிறோம்.

கல்லூரி திறந்ததும் சந்தோஷமாகப் புறப்பட்டுப் போகிற பிள்ளைகளில் சிலர், முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்பிப் போவதில்லை. இதை நாங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். கட்டணம் பாக்கியா என்று கேட்டால் இல்லை. பாடம் புரியவில்லையா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. உட்கார வைத்துப் பொறுமையாக விசாரித்தால்தான் ஒரு வார்த்தை வெளியே வரும்: "அங்கே எனக்கு யாரும் இல்லை." விடுதியில் முந்நூறு பேர் இருப்பார்கள். அந்த முந்நூறு பேருக்கு நடுவில் நம் பிள்ளை தனியாகத் தட்டை எடுத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கழுவி வைத்துவிட்டு வந்திருக்கும். நாம் கொடுத்த பணம் விடுதி அலுவலகத்தில் ரசீதாக இருக்கும். பிள்ளை இங்கே கடையில் எடுபிடியாக நிற்கும்.

ஆகவே விடுதி வாழ்க்கை என்பது என்ன, அங்கே ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் பழக்கம் எப்படி உண்டாகிறது என்று நாம் யோசிக்க வேண்டும். இதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம், வட இந்தியாவில் உள்ள அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் விடுதிகள். இந்த நாட்டில் விடுதிப் பழக்க வழக்கங்களுக்கென்றே பெயர் போன இடம் அது. அவற்றில் சில நமக்குச் சிரிப்பை வரவழைக்கும். சில, சற்று யோசித்துப் பார்த்தால், நம் அறக்கட்டளை செய்ய வேண்டிய வேலையைத்தான் சொல்கின்றன.

ஸர் ஸையத் அஹ்மத் கான் 1869-இல் இங்கிலாந்து சென்றார். அவருடைய மகன் ஸையத் மஹ்மூத் அப்போது கேம்பிரிட்ஜில் படித்தார். மாணவர்கள் அங்கே ஒரே வளாகத்தில் தங்கி, ஒரே கூடத்தில் உண்டு, ஆசிரியர்களோடு சேர்ந்து வாழ்வதை ஸர் ஸையத் நேரில் பார்த்தார். வகுப்பறை தருவது பாதிக் கல்விதான், மீதிப் பாதியைச் சேர்ந்து வாழ்வதுதான் தரும் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1875 மே 24-இல் அலிகரில் பள்ளி தொடங்கியது. 1877 ஜனவரி 8-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். 1920-இல் அது பல்கலைக்கழகமாயிற்று. தொடக்கத்திலேயே வகுப்பறைகளோடு தங்கும் அறைகளையும் சேர்த்தே கட்டினார்கள். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒரு பக்கம் பள்ளிவாசல். சுட்ட செங்கல்லில் எழுந்த வரிசைக்குப் பக்கா பாரக் என்று பெயர். சாதாரணமாகக் கட்டியதற்குக் கச்சா பாரக். அந்தப் பழைய வளாகம்தான் இன்று ஸர் ஸையத் ஹால். அவருடைய அடக்கஸ்தலமும் அங்குள்ள பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது.

அந்தக் கட்டடங்களின் சுவர்களில் நன்கொடையாளர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். முஸ்லிம்களின் பெயர்களோடு இந்துக்களின் பெயர்களும் அங்கே உண்டு. அந்தக் கல்லூரியின் முதல் பட்டதாரியும் ஈஸ்வரி பிரசாத் என்ற இந்து மாணவர்தான். ஒரு மாணவன் தன் அறைக்குள் நுழையும்போதே, இது இன்னொருவர் தந்த கல், இன்னொருவர் தந்த கதவு என்பதைப் பார்த்துக்கொண்டுதான் நுழைகிறான். யாருடைய காசில் படிக்கிறோம் என்ற நினைப்பைச் சுவரே ஊட்டிவிடுகிறது.

இனி அங்குள்ள பழக்கங்களுக்கு வருவோம்.

முதலாவது, பெயர். அலிகரில் சக மாணவரை 'பார்ட்னர்' என்று கூப்பிடுவார்கள். ஏதோ வியாபாரக் கூட்டாளியைக் கூப்பிடுவது போல இருக்கும். பணக்கார ஜமீன்தார் வீட்டுப் பையனும் உதவித்தொகையில் வந்த பையனும் ஒருவருக்கொருவர் பார்ட்னர்தான். நம் கடற்கரை ஊர்களில் மூத்தவரைக் 'காக்கா' என்றும் 'லாத்தா' என்றும் கூப்பிடுகிறோமே, அது போலத்தான் இதுவும். கூப்பிட ஒரு சொல் இருந்தால் பேச்சைத் தொடங்குவது எளிது. புது இடத்துக்குப் போன பிள்ளைக்கு முதல் நாளில் பெரிய தடையாக இருப்பது, எதிரே வருபவரை என்னவென்று அழைப்பது என்ற தயக்கம்தான்.

இரண்டாவது, ஸலாம். இளையவர் மூத்தவரைக் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டும். ஒரே ஆண்டு முன்னால் சேர்ந்தவரானாலும் அவர் மூத்தவர்தான். இது கொஞ்சம் மிடுக்கான பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு ஈடாக மூத்தவர் தலையில் ஒரு சுமையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதுதான் மூன்றாவது பழக்கம்.

தேநீர்க் கடையில் மூத்தவரும் இளையவரும் சேர்ந்து உட்கார்ந்தால் காசு கொடுப்பது மூத்தவர்தான். இளையவர் சட்டைப்பையில் கை வைத்தாலே மரியாதைக் குறைவு. இது எழுதி வைத்த சட்டம் அல்ல. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் வழக்கம்.

இந்தத் தேநீர்க் கணக்கை நாங்கள் சற்று யோசித்துப் பார்த்தோம். முதலாண்டு மாணவனுக்குத் தேநீர் வாங்கித் தந்தவருக்கு அவன் எப்போதுமே திருப்பித் தர முடியாது, அவர் என்றைக்கும் அவனுக்கு மூத்தவராகவே இருப்பார். அப்படியானால் பட்ட கடனை எங்கே தீர்ப்பது? அடுத்த ஆண்டு வருகிற புது மாணவனிடம்தான். இப்படிக் கடன் கீழ்நோக்கியே போய்க்கொண்டிருக்கிறது. வாங்கியவன் கூச்சப்படத் தேவையில்லை, கொடுத்தவன் சொல்லிக்காட்ட இடமில்லை. உதவி வாங்கியவன் தலைகுனிய வேண்டிய சங்கடத்தை ஒரு குவளைத் தேநீர் தீர்த்து வைக்கிறது. அறக்கட்டளை நடத்துகிற எங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாகத் தெரியவில்லை.

நான்காவது, உடை. கறுப்பு ஷெர்வானி அலிகரின் அடையாளம். பழைய நாட்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதானாலும் ஹாலின் தலைவரான புரோவோஸ்டைப் பார்க்கப் போவதானாலும் ஷெர்வானிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். உள்ளே கிழிந்த சட்டை இருந்தாலும் பட்டுச் சட்டை இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே கறுப்புத்தான். ஏழைப் பையனுக்கு அது பெரிய ஆறுதல்.

ஐந்தாவது, ஆண்டுக்கொரு விருந்து. ஸர் ஸையத் 1817 அக்டோபர் 17-இல் பிறந்தார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் எல்லா ஹால்களிலும் விருந்து நடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், படித்து முடித்து எந்த நாட்டுக்குப் போனாலும் அலிகர்காரர்கள் அந்த நாளில் ஒன்றுகூடி விருந்து வைத்துக்கொள்கிறார்கள். பழைய மாணவரான மஜாஸ் எழுதிய கவிதை பல்கலைக்கழகத்தின் தரானா, அதாவது கல்லூரிப் பண். அதைப் பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வயதானவர்கள் கண்கலங்குவதும் உண்டு. விடுதியை விட்டு வந்தாலும் விடுதி அவர்களை விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரிலேயே வீடு இருந்து தினமும் வந்து படிக்கிற மாணவரைக்கூட அங்கே தனியாக விடுவதில்லை. விடுதியில் தங்காதவர்களுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் சேராத மாணவன் என்று ஒருவனும் இருக்கக்கூடாது என்பது அதன் பொருள்.

இவையெல்லாம் அலிகருக்கு மட்டும் உரியவை என்று நினைத்துவிட வேண்டாம். மதரஸாவிலும் கல்லூரியிலும் விடுதியில் தங்கி ஓதியவர்கள் நாங்கள். அரபி மதரஸாக்களில் 'தக்ரார்' என்ற பழக்கம் உண்டு. உஸ்தாது பகலில் நடத்திய கிதாபை இரவில் மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து மீண்டும் சொல்லிப் பார்ப்பார்கள். நன்றாகப் புரிந்தவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். புரியாத பிள்ளை உஸ்தாதிடம் கேட்கப் பயப்பட்ட கேள்வியைத் தக்ராரில் கேட்டுவிடும். சஹனில் சேர்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்தால், ஒருவர் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். "அவன் எங்கே?" என்று கேட்கும் ஆள் இருக்கிற இடத்தில் யாரும் காணாமல் போவதில்லை. தனித்தனித் தட்டு வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

இப்போது, நம் சபையில் இருப்பவர்கள் கூர்ந்து கேட்க வேண்டிய செய்திக்கு வருகிறோம். 1890-இல் அலிகரில் ஸாஹிப்ஸாதா அஃப்தாப் அஹ்மத் கான் என்ற மாணவர் தம் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். அஞ்சுமனுல் ஃபர்ள் என்று பெயர். கடமைச் சங்கம் என்று சொல்லலாம். தங்களோடு படிக்கும் ஏழை மாணவர்களுக்குத் தாங்களே நிதி திரட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். விடுமுறை விட்டதும் மாணவர்கள் ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. தனக்காக அல்ல, அடுத்த அறையில் இருப்பவனுக்காக வாசலில் நின்று கை நீட்டினார்கள். ஒருவன் படிப்பை நிறுத்தாமல் இருப்பது மற்றவர்கள் மீது உள்ள ஃபர்ள், அதாவது கட்டாயக் கடமை என்று அந்தப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த அஃப்தாப் அஹ்மத் கான் பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அவர் பெயரில் இன்று அங்கே ஒரு ஹால் இருக்கிறது. அவர் தொடங்கிய சங்கமும் இன்றுவரை நடக்கிறது.

பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1906-இல் ஷெய்க் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் அலிகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். எதிர்ப்புக்குக் குறைவில்லை. 1914-இல் விடுதியும் திறந்தார்கள். பெண்பிள்ளையை வெளியூர் விடுதியில் விடுவதா என்று குடும்பங்கள் தயங்கிய காலம் அது. வஹீத் ஜஹான் அந்தப் பிள்ளைகளைச் சொந்த மகள்களைப் போலப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை 'ஆலா பீ' என்றும் ஷெய்க் அப்துல்லாஹ்வைப் 'பாப்பா மியான்' என்றும் அழைத்தார்கள். கண்டிப்பான விதிமுறைகளைப் பார்த்துக் குடும்பங்கள் நம்பவில்லை. அங்கே ஒரு தாய் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நம்பினார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாயிற்று. உர்தூ எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய் அங்கே படித்தவர்தான்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் உங்கள் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவர்களாவோம்.

அலிகரில் 'அறிமுகம்' என்றும் ஒரு வழக்கம் இருந்தது. புது மாணவரை மூத்தவர்கள் நடுவில் நிறுத்திப் பெயர், ஊர், படிப்பு கேட்பார்கள்; பாடச் சொல்வார்கள், கவிதை சொல்லச் சொல்வார்கள், கேலி செய்வார்கள். முதல் மழையில் புது மாணவர்களைச் சேற்றில் புரட்டிய கதைகளைப் பழைய மாணவர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. சிரித்துச் சொல்பவர் தாங்கிக்கொண்டவர். தாங்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர் கதை எழுதுவதில்லை. அறிமுகம் என்று தொடங்கியது எந்த இடத்தில் கொடுமையாக மாறுகிறது என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு விடுதியில் மூத்த மாணவரால் கொல்லப்பட்டதை நம் வயதுடையவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-இல் பல்கலைக்கழக மானியக்குழு நாடு முழுவதற்கும் விதிமுறை கொண்டுவந்தது. அது அலிகருக்கும் பொருந்தும், நம் பிள்ளைகள் சேரும் கல்லூரிக்கும் பொருந்தும்.

நல்ல வழக்கத்தையும் ராகிங்கையும் பிரித்துப் பார்க்க மாணவர்களுக்கு ஓர் எளிய உரைகல் தருகிறோம். இந்தப் பழக்கத்தில் செலவு யாருக்கு என்று கேளுங்கள். தேநீர் வழக்கத்தில் காசும் நேரமும் மூத்தவருடையது. ராகிங்கில் பணம், தூக்கம், மானம் எல்லாம் இளையவருடையது. அடுத்து, வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தேநீர் வேண்டாம் என்றால் மூத்தவர் சிரித்துவிட்டுப் போவார். ராகிங்கில் அந்தச் சொல்லுக்கே அடி விழும். கடைசியாக, இதை உங்கள் உம்மாவிடம் போனில் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சொல்ல முடியாது என்றால் அதற்குப் பெயர் ராகிங்தான். அப்போது தயங்காமல் 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள். எங்களையும் கூப்பிடுங்கள். ஊர்ப் பெயர் கெட்டுவிடும், உதவித்தொகை நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். புகார் கொடுத்த காரணத்துக்காக யாருடைய உதவியும் நிற்காது. இதைச் சபையறியச் சொல்கிறோம்.

நம் மாணவர்களே நாளை மூத்தவர்களாகப் போகிறார்கள் என்பதால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம். உங்களைச் சேற்றில் தள்ளியவர்கள் இருந்திருக்கலாம். அந்தக் கடனை அடுத்த ஆண்டு வருபவனிடம் தீர்க்காதீர்கள். கீழே கொடுத்து அனுப்ப வேண்டியது தேநீரை மட்டும்தான்.

இனி, இந்த ஆண்டிலிருந்து அறக்கட்டளை செய்ய நினைப்பது.

நம் உதவியில் படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் சென்னை, திருச்சி, கோவை, மதுரை என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு புது மாணவருக்கும் அந்த ஊரிலேயே இருக்கும் ஒரு மூத்தவரைக் காக்காவாக, மாணவியானால் ஒரு லாத்தாவை, ஒப்படைக்கப் போகிறோம். கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே அவர் விடுதிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். வெளியே அழைத்துப் போய் ஒரு தேநீர் வாங்கித் தர வேண்டும். காசு மூத்தவருடையது, அறக்கட்டளைக் கணக்கில் வராது. முதல் பருவம் முடியும்வரை வாரம் ஒரு முறை போன் செய்து "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்க வேண்டும். மதிப்பெண்ணைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இரண்டு வாரம் தொடர்ந்து "தனியாகத்தான்" என்று பதில் வந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் நேரில் போவோம், இன்ஷா அல்லாஹ்.

நம்மிடம் உதவி பெற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு, பணத்தைத் திருப்பித் தரவா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் பதில்: எங்களுக்குத் தர வேண்டாம். இன்று இங்கே நிற்கும் பிள்ளைகளில் ஒருவரின் சாப்பாட்டுக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். யார் கொடுத்தது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டோம். அவர் நாளை இன்னொருவருக்குக் கொடுப்பார்.

பெற்றோர்களே, பிள்ளையை விடுதியில் சேர்க்கும் நாளில் அறையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் வாப்பா உம்மாவிடம் அறிமுகமாகிக் கொள்ளுங்கள். அவர்கள் எந்த மதமானாலும், எந்த ஊரானாலும் சரி, கொண்டுபோன பலகாரத்தில் பாதியை அந்தக் கட்டிலுக்கு வையுங்கள். நோன்பு மாதத்தில் உங்கள் பிள்ளையை ஸஹருக்கு எழுப்பிவிடப் போவது அந்தப் பக்கத்துக் கட்டில் பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். நீங்களே அந்த மூலையில் இருந்தால், கூப்பிடுவார்களா என்று காத்திருக்காதீர்கள். ஸலாமையோ வணக்கத்தையோ நீங்களே முந்திச் சொல்லுங்கள். அதில் குறைந்து போவது எதுவும் இல்லை.

மூத்தவராக வர விரும்பும் சகோதர சகோதரிகள், கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். இன்று உதவித்தொகை பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் வேண்டும். பட்டியல் நிறையும்வரை மேசை அங்கேயே இருக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் படிப்பில் பரக்கத் செய்வானாக. அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய், பத்திரமாகத் திரும்பக் கொண்டு வருவானாக. ஆமீன்.